முட்டு அடங்கினால் நோய் போயிற்றா?

2022 டிசெம்பர் 9ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. இலங்கையின் அரச பாடசாலைகள் எல்லாம் பூட்டியிருந்தன. போரும் இல்லை, வெள்ளமும் இல்லை, கொரோனாவும் ஓய்ந்திருந்தது. காற்று கெட்டுப்போனதுதான் காரணம். மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் சுழன்றுகொண்டிருந்தபோது, இந்தியப் பெருநிலத்திலிருந்து வந்த புகைத்தூசி தீவின் மேல் படிந்தது. யாழ்ப்பாணம் தொடக்கம் கொழும்பு வரை காற்றின் தரம் மோசமாகிவிட்டது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. அதே நாள்களில் வன்னியில் குளிர்காற்றில் விறைத்து மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. அந்த வாரத்தைப் பற்றி இங்கே யாரிடம் கேட்டாலும் மாட்டுக் கதைதான் முதலில் வரும். காற்றை நினைவில் வைத்திருப்பவர்கள் வீட்டில் ஒரு முட்டுக்காரரை வைத்திருப்பவர்கள் மட்டுமே.

அந்தக் காற்றை யாரோ ஓரிடத்தில் அளந்தார்கள். அளந்ததால் அறிவிப்பு வந்தது, பாடசாலை பூட்டப்பட்டது. இரணைமடுக் குளத்தின் கீழே ஆண்டுக்கு இரண்டு தடவை எழும் தூசியை யாரும் அளப்பதில்லை. அந்தத் தூசியை மூச்சில் இழுத்து வாழ்கிறவர்களின் நெஞ்சையும் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது குறையைப் பற்றியது.

சுணையும் புகையும்

இரணைமடு வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம். கனகராயன் ஆற்றை மறித்து 1920ஆம் ஆண்டளவில் கட்டி முடித்தார்கள். வட்டக்கச்சி, இராமநாதபுரம், முரசுமோட்டை, உருத்திரபுரம், பரந்தன் என்று கிளிநொச்சியின் பெருவயல்கள் அதன் வாய்க்காலை நம்பியே இருக்கின்றன. தை, மாசியில் காலபோக நெல் அறுவடையாகும். ஆவணியளவில் சிறுபோகம். முன்பு அருவி வெட்டி, சூடு வைத்து, நாள்கணக்கில் சூடடித்தார்கள். தூசி அன்றும் இருந்தது, ஆனால் பல நாள்களாகப் பிரிந்து வந்தது. இன்று வெட்டும் இயந்திரம் ஒரே ஓட்டத்தில் வெட்டி, அடித்து, தூற்றி முடித்துவிடுகிறது. சுணையும் பதரும் மண்ணும் ஒரே பொழுதில் ஊரின் மேல் எழுகின்றன. அதன்பின் வீதியோரம் நெல் காயப்போடுகிறார்கள், மில்லில் குற்றுகிறார்கள், எஞ்சிய வைக்கோலுக்கு வயலிலேயே தீ வைக்கிறார்கள். கிரவல் வீதியில் ரிப்பர் வாகனங்கள் கிளப்பும் புழுதி வருடம் முழுவதும் உண்டு.

நெல்லுக்கும் நெஞ்சுக்கும் உள்ள பகை வன்னிக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியின் மொடெனாவில் இருந்த பெர்னார்டினோ ராமசினி என்ற மருத்துவர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் தானியம் சலிப்பவர்களுக்கும் அளப்பவர்களுக்கும் தனியாக ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். தானியத் தூசி தொண்டையையும் நுரையீரலையும் கெடுத்து, மூச்சை முட்ட வைக்கிறது என்று கண்டார். முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் மில் வாசலில் நிற்கிறவர் தோளில் கிடக்கும் துவாயைத்தான் மூக்கில் கட்டிக்கொள்கிறார். துவாய் பதரைத் தடுக்கும். நுண்ணிய தூசியைத் தடுக்காது.

அறுவடைக் காலத்தில் வெளிநோயாளர் பிரிவில் இருமலும் இழுப்புமாக வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நோய் என்று நினைத்துவிடக் கூடாது. குறைந்தது நாலு விதமானவர்கள் அந்த வாங்கில் இருப்பார்கள். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா உள்ளவர் ஒருவர். இத்தனை வருடம் ஒன்றுமில்லாதிருந்து, வேலையிடத் தூசியால் ஆஸ்துமா பிடித்தவர் இன்னொருவர். மூன்றாமவருக்கு ஆஸ்துமாவே இல்லை. பல வருடம் பீடியோ அடுப்புப் புகையோ உள்ளே போய் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக ஒடுங்கிவிட்டன. மருத்துவர்கள் இதை நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் என்கிறார்கள், சுருக்கமாக சிஓபிடி. நாலாமவர் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் புரட்டியவர். காலையில் வேலை செய்திருப்பார், நாலைந்து மணித்தியாலம் கழித்துக் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வரும். மறுநாள் தணியும். திரும்பவும் வைக்கோலைத் தொட்டால் திரும்பவும் வரும். இது விவசாயியின் நுரையீரல் என்று பெயர் பெற்ற ஒவ்வாமை அழற்சி. காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் இருந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். இவர் இன்ஹேலரால் அதிகம் பயன் பெற மாட்டார். வைக்கோலை விட்டு விலகுவதுதான் முதல் மருந்து.

வெளியிலிருந்து பார்த்தால் நாலு பேரும் ஒரே மாதிரித்தான் இளைக்கிறார்கள். ஊரில் நாலுக்கும் “முட்டு” என்ற ஒரே பெயர்தான். ஆஸ்பத்திரியிலும் அவசரத்துக்கு நாலு பேருக்கும் ஒரே நெபுலைசரைத்தான் பிடிக்கிறார்கள்.

நெபுலைசர் தரும் நிம்மதி

நெபுலைசரைக் குறை சொல்ல முடியாது. நள்ளிரவில் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றிய கருவி அது. மூக்கு வாயை மூடிய முகமூடியும், உள்ளே ஆவியாக வரும் சல்பியூட்டமோலும், பத்து நிமிடத்தில் நெஞ்சைத் திறந்துவிடும். பிரச்சினை அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு தொடங்குகிறது. மூச்சு சீராகிவிட்டது, துண்டில் எழுதிய குளிசையை வாங்கியாயிற்று, பஸ் ஏறியாயிற்று. அடுத்த முறை இழுக்கும் வரை நோயைப் பற்றிய நினைப்பே இல்லை. “போன மாசம் பிடிச்சது, இப்ப சுகம்” என்பார்கள். ஆஸ்துமா அப்படிப் போய்விடும் வருத்தம் அல்ல. இழுப்பு இல்லாத நாளிலும் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கிச் சிவந்தே இருக்கும். சல்பியூட்டமோல் குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. அழற்சியைத் தணிக்கிற மருந்து வேறு. பெக்ளோமெதசோன், பியூடெசோனைட் போன்றவற்றை நாள்தோறும் உறிஞ்ச வேண்டும். இழுப்பு இல்லாத நாளிலும்.

வன்னியில் இந்த நோய் கெட்டுப்போவதற்கு வறுமையையும் தூரத்தையும் மட்டும் காரணம் சொல்வது பாதி உண்மை. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன, கிளினிக் நடக்கிறது. மற்றப் பாதி என்னவென்றால், நோயை ஒரு சம்பவமாக நாமும் பார்க்கிறோம், ஆஸ்பத்திரியும் பார்க்கிறது. நீரிழிவுக்காரரைச் சீனி அளக்காமல் வீட்டுக்கு அனுப்புவதில்லை. பிரஷர்காரருக்குக் கையில் பட்டி சுற்றாமல் மருந்து எழுதுவதில்லை. முட்டுக்காரர் மட்டும் பத்து வருடம் கிளினிக் கொப்பி கொண்டுதிரிந்தும் ஒரு தடவைகூட ஊதிப் பார்க்காதவராக இருக்கலாம்.

உலகம் முழுவதும் 2019ஆம் ஆண்டில் 26 கோடியே 20 இலட்சம் பேர் ஆஸ்துமாவோடு வாழ்ந்தார்கள் என்றும், 4 இலட்சத்து 55 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. சிஓபிடியால் 2021இல் இறந்தவர்கள் 35 இலட்சம். ஆஸ்துமா மரணங்களில் மிகப் பெரும்பகுதி மருந்து இருந்தும் எட்டாத, அல்லது எட்டியும் ஒழுங்காக எடுக்காத நாடுகளில் நடப்பது. பணக்கார நாடும் இதற்கு விலக்கல்ல. பிரித்தானியாவில் 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் 45 சதவீதமானோர் உதவி தேடாமலோ, அவசர சிகிச்சை வந்து சேர்வதற்கு முன்போ இறந்திருந்தார்கள். நிவாரண இன்ஹேலரை அளவுக்கு மீறி வாங்கியும், தடுப்பு இன்ஹேலரைத் தொடாமலும் இருந்தவர்கள் அதில் நிறையப் பேர். அந்த அறிக்கை வந்து ஐந்து வருடத்தில், 2019இல், ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுக் குழு தன் பழைய பாடத்தை மாற்றிக்கொண்டது. சல்பியூட்டமோலை மட்டும் தனியாகக் கொடுத்து ஆஸ்துமாக்காரரை அனுப்பக் கூடாது, இலேசான ஆஸ்துமாவானாலும் அழற்சி மருந்து ஏதோ ஒரு வகையில் சேர வேண்டும் என்று சொன்னது. அரை நூற்றாண்டுப் பழக்கத்தைப் புரட்டிய மாற்றம் அது. அது இன்னும் எல்லாச் சிற்றூர் ஆஸ்பத்திரி வரையும் வந்து சேரவில்லை.

ஊதிப் பார்த்தால் தெரியும்

நோயைப் பிரித்தறிவதில் பாதி வேலையைக் கேள்விகளே செய்துவிடும். இரவு இரண்டு, மூன்று மணிக்கு இருமி எழும்புகிறீர்களா? சில நாள் நன்றாகவும் சில நாள் மோசமாகவும் இருக்கிறதா? தும்மல், மூக்கடைப்பு, தோற்கடி உண்டா? அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இந்த வருத்தம் இருந்ததா? ஆம் என்றால் ஆஸ்துமா பக்கம் சாய்கிறது. நாற்பது வயதுக்கு மேலா, வருடத்துக்கு வருடம் நடை குறைகிறதா, காலையில் சளி தினமும் வருகிறதா, பீடி உண்டா, அல்லது முப்பது வருடம் விறகடுப்பா? அப்படியானால் சிஓபிடி பக்கம். இரண்டும் கலந்தவர்களும் உண்டு.

மற்றப் பாதியைக் கருவிதான் சொல்லும். ஜோன் ஹட்சின்சன் என்ற மருத்துவர் 1846இல் லண்டனில் வடிவமைத்த ஸ்பைரோமீற்றரின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய கருவிகள். ஆழமாக மூச்சை இழுத்து, முழு வலுவோடு ஒரே மூச்சாக ஊத வேண்டும். நல்ல நெஞ்சுள்ளவர் தன் மூச்சில் முக்கால் பங்களவை முதல் ஒரு செக்கனிலேயே வெளியே தள்ளிவிடுவார். ஒடுங்கிய குழாயுள்ளவரால் அது முடியாது. பிறகு சல்பியூட்டமோல் கொடுத்து, கால் மணித்தியாலம் பொறுத்துத் திரும்ப ஊதச் சொல்வார்கள். முதல் செக்கனில் வெளியேறும் அளவு 12 சதவீதமும் 200 மில்லிலீற்றரும் கூடினால் அது ஆஸ்துமாவுக்கான நல்ல சான்று. மருந்துக்குப் பிறகும் முதல் செக்கனின் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் சிஓபிடியை நினைக்க வேண்டும்.

ஸ்பைரோமீற்றர் எல்லா இடத்திலும் இராது, அதை இயக்கப் பயிற்சியும் வேண்டும். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பீக் புளோ மீற்றர் என்று ஒரு சின்னக் குழல் இருக்கிறது. மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம். பிரித்தானியாவில் சுரங்கத் தொழிலாளரின் நெஞ்சை ஆராய்ந்துகொண்டிருந்த மார்ட்டின் ரைட் 1950களில் இதை உருவாக்கினார். தூசி தின்ற தொழிலாளிக்காகப் பிறந்த கருவி, நெல்லுத் தூசி தின்கிறவனுக்கும் ஆகும். காலையும் மாலையும் இரண்டு கிழமை ஊதி ஒரு கொப்பியில் எழுதினால், ஆஸ்துமா உள்ளவரின் எண்கள் ஏறியிறங்குவது தெரிந்துவிடும். வயலுக்குப் போன நாளும் போகாத நாளும் பக்கத்தில் குறித்தால், நோயைத் தூண்டுவது வயலா வீடா என்பதுகூட வெளிச்சமாகும். இவ்வளவு மலிவான கருவி நெபுலைசர் இருக்கிற ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வன்னியில் நெஞ்சைப் பரிசோதிக்கிற மருத்துவர் இன்னும் இரண்டு விஷயத்தை மனதில் வைக்க வேண்டியிருக்கிறது. ஒன்று காசநோய். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால், முட்டுக்காரராக இருந்தாலும், சளியைப் பரிசோதிக்க வேண்டும். அதற்கென்று மாவட்ட மார்புநோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இலட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்ரெம்பரில். நெருக்கடியும் பசியும் காசநோய்க்குப் பிடித்த நிலம். குணமான காசநோயும் நுரையீரலில் தழும்பையும் விரிந்த குழாய்களையும் விட்டுச்செல்லும். அவர்கள் வாழ்நாள் முழுவதும் சளியோடு இருமுவார்கள், அதையும் முட்டு என்றே அழைப்பார்கள்.

மற்றது போர் விட்டுச்சென்ற இரும்பு. குண்டுச் சிதறலை நெஞ்சிலும் முதுகிலும் சுமந்து வாழ்கிறவர்கள் இந்த மண்ணில் ஏராளம். எக்ஸ்ரே படத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். விலா எலும்பு முறிந்து கோணலாகப் பொருந்தியவர், நுரையீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர், சத்திரசிகிச்சையே கிடைக்காதவர் என்று பல வகை. இவர்களுக்கு மூச்சு வாங்குவது குழாய் ஒடுங்கியதால் அல்ல, நெஞ்சுக்கூடு முழுதாக விரிய முடியாததால். ஸ்பைரோமீற்றர் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். ஊதிப் பார்க்காவிட்டால் அவரும் வருடக்கணக்கில் பயனில்லாத இன்ஹேலரை இழுத்துக்கொண்டிருப்பார். எம்ஆர்ஐ எடுக்க அனுப்பினால், உடலில் இரும்பு இருக்கிறது என்பதைக் கேட்காவிட்டாலும் தாங்களே முந்திச் சொல்ல வேண்டும்.

பம்ப் பழகிவிடுமா?

இன்ஹேலரைப் பற்றி ஊரில் நிலவும் பயங்களுக்கு ஒரு தனி இதழே போடலாம். தொடங்கினால் விட முடியாது, இருதயத்தைக் கெடுக்கும், பொம்பிளைப் பிள்ளைக்குக் கலியாணம் பேச வரும்போது மேசையில் இருக்கக் கூடாது. கடைசிப் பயம் மருத்துவத்தால் தீராது. மற்றவற்றுக்குப் பதில் உண்டு. விட முடியாமல் இருப்பது நோய், மருந்து அல்ல. ஸ்ரீரோய்ட் என்று பயப்படுகிறவர்கள் அளவைக் கவனிக்க வேண்டும். முட்டு முற்றியபின் வாயால் விழுங்குகிற பிரெட்னிசொலோன் குளிசை ஒன்று 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். அப்படி ஒரு நாளில் ஆறு, எட்டுக் குளிசை கொடுப்பார்கள். பெக்ளோமெதசோன் ஒரு தடவை உறிஞ்சினால் 100 அல்லது 200 மைக்ரோகிராம், அதுவும் நேரே நெஞ்சுக்குப் போகிறது. இரண்டும் வேறு வேறு மருந்துதான், ஆனாலும் எது உடம்பு முழுவதும் பரவிச் சீனியையும் எலும்பையும் தொடும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். உறிஞ்சிய பின் வாய் கொப்பளித்துத் துப்பினால் தொண்டையில் வெண்படலம் வருவது குறையும்.

பயத்தை விடப் பெரிய பகை பிழையாக இழுப்பது. அரச கிளினிக்கில் கொடுப்பது அநேகமாக இரண்டு வகை. ஒன்று அழுத்தினால் சீறும் பம்ப். குலுக்க வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும், உதட்டால் இறுக்கிப் பிடித்து அழுத்திக்கொண்டே மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும், பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். மற்றது கப்சூலுக்குள் தூள். அதைக் கருவிக்குள் போட்டு உடைத்து, வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பம்பை அவதியாக இழுக்கிறார்கள், தூளைச் சூப்புக் குடிப்பதுபோல் மெதுவாக. கப்சூலைத் தண்ணீரோடு விழுங்கியவர்களும் உலகம் முழுவதும் உண்டு. சிரிக்க வேண்டாம். கப்சூல் விழுங்குவதற்கு என்றுதான் வாழ்நாள் முழுவதும் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இது உறிஞ்சுவதற்கு என்று மருந்து கொடுக்கும் யன்னலில் ஒரு வசனம் சொல்லாதது யார் பிழை?

பம்பை நேரே வாயில் வைத்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் அடித்து வீணாகும். இடையில் ஸ்பேசர் என்ற குடுவை வேண்டும். விலை கட்டாதவர்களுக்கு ஒரு செய்தி: தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் ஹெதர் சார் என்ற மருத்துவரும் சகாக்களும் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தலையே ஸ்பேசராக்கிப் பிள்ளைகளில் சோதித்தார்கள். கடையில் விற்கிற ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. 1999இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு அது. போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளை இட்டு, காற்றுப் போகாமல் ஒட்டி, போத்தலின் வாயில் பிள்ளை வாய் வைத்து இழுக்க வேண்டும். அவ்வளவுதான். ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்கும் பம்பும் போத்தலும் இருந்தால் பல இரவுகளில் நெபுலைசரைத் தேடி ஓட வேண்டி வராது. எப்படிச் செய்வது என்பதைத் தாதியிடம் ஒரு தடவை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாட்டு மருந்தைப் பற்றியும் கேட்பார்கள். ஊமத்தையைப் புகைத்து முட்டைத் தணிக்கிற வழக்கத்தை 1802இல் சென்னையிலிருந்து ஒரு தளபதி பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனதாக மருத்துவ வரலாறு சொல்கிறது. அதன்பின் நூறு வருடத்துக்கு மேல் ஐரோப்பாவில் ஊமத்தைச் சுருட்டுகள் ஆஸ்துமாவுக்கு விற்கப்பட்டன. அந்தச் செடியில் உள்ள அத்ரோபினின் வழிவந்ததுதான் இன்று நெபுலைசரில் சல்பியூட்டமோலோடு சேர்க்கிற இப்ராற்றோப்பியம். ஆடாதோடையின் வசிசினிலிருந்து சளி இளக்கும் புரோம்ஹெக்சின் வந்தது. ஆகவே நம் முன்னோர் கண்மூடித்தனமாக இலை பறிக்கவில்லை. ஆனால் ஊமத்தையின் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடையில் தூரம் மிகக் குறைவு. அளந்து சுத்திகரித்தது கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும்போது வேலியோரச் செடியைப் புகைப்பதற்கு நியாயமே இல்லை.

குசினிக்குள்

சிஓபிடி என்றதும் புகைக்கிற ஆணைத்தான் நினைக்கிறோம். இலங்கையில் பெண்கள் புகைப்பது அரிது, ஆனால் குசினிக்குள் அவர்கள் இழுக்காத புகை இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விறகில்தான் சமைத்தன. வன்னியில் காட்டு விறகு கையெட்டும் தூரத்தில். மீள்குடியேறித் தகரக் கொட்டிலில் தொடங்கிய பலரது வாழ்க்கையில் புகைபோக்கி என்பது கல்வீட்டுக்குப் பிறகு யோசிக்கிற காரியம். கொஞ்சம் கொஞ்சமாகக் காஸுக்கு மாறியவர்களையும் 2022 திரும்ப விறகுக்குத் தள்ளியது. 12.5 கிலோ லிற்றோ சிலிண்டர் 2021 ஒக்ரோபருக்கு முன் 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா, அதுவும் வரிசையில் நின்றால் கிடைக்கலாம். அதே வருடம்தான் ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கும் தட்டுப்பாடு.

வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. காஸுக்கு மாறுங்கள் என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம், கூலிக்குப் போகிற வீட்டுக்குச் சுலபமில்லை. செய்யக்கூடியவை சில உண்டு. அடுப்பைப் படுக்கிற இடத்திலிருந்து பிரித்து வெளிக்கொட்டிலில் வைப்பது, கூரைக்கும் சுவருக்கும் இடையே புகை போக வழி விடுவது, காய்ந்த விறகை மட்டும் எரிப்பது, பொலித்தீனைப் போட்டு அடுப்பு மூட்டும் பழக்கத்தை விடுவது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்காமல் இருப்பது. 1980களிலிருந்து பழக்கத்தில் உள்ள அனகி மண் அடுப்பு விறகைக் குறைக்கும், புகையை முற்றாக ஒழிக்காது. புகைபோக்கி இருந்தால்தான் பலன்.

இன்னொரு புகை, நுளம்புத்திரி. ஒரு திரி எரிந்து முடியும்போது 75 தொடக்கம் 137 சிகரெட் வெளியிடும் அளவு நுண்துகளை விடுகிறது என்று 2003இல் ஓர் ஆய்வு கண்டது. வன்னியை ஆட்டிப்படைத்த மலேரியா ஒழிந்துவிட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. திரி மட்டும் கட்டிலுக்கு அடியில் எரிந்துகொண்டிருக்கிறது. முட்டுப் பிள்ளை தூங்குகிற அறைக்கு நுளம்பு வலைதான் சரி. சாம்பிராணியும் வேப்பம் புகையும் அந்த அறைக்கு வேண்டாம்.

சிஓபிடி வந்தவரின் நுரையீரல் பழையபடி திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம். புகைப்பதை விடுவதைப் போல் வேறெந்த மருந்தும் நோயின் ஓட்டத்தைத் தடுப்பதில்லை. இளைக்கிறது என்று கட்டிலோடு இருந்துவிடுவது பிழை. தசை சோர்ந்தால் இன்னும் இளைக்கும். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதிக்கொண்டு, நாளுக்குக் கொஞ்சமாக நடையைக் கூட்டினால் குளக்கட்டு வரை போய்வரலாம். ஆஸ்துமாப் பிள்ளைக்கும் இதே விதி. நோய் கட்டுப்பாட்டில் இருந்தால் பிள்ளை விளையாட்டுப் போட்டியில் ஓடலாம். ஓட முடியவில்லை என்றால் மருந்து போதவில்லை என்று அர்த்தம், ஓட்டத்தை நிறுத்து என்று அர்த்தமல்ல.

இரவில் முற்றினால்

இரணைமடுவின் உட்புறக் கிராமங்களில் கடைசி பஸ் போனபின் நோய் முற்றுவதுதான் ஆபத்து. காட்டோர வீதியில் யானை நிற்கும், மோட்டார் சைக்கிளில் நோயாளியை நடுவில் இருத்திக்கொண்டு போக வேண்டும். ஆகவே எப்போது புறப்படுவது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது உயிர்காக்கும். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியவில்லை, பிள்ளையின் விலா இடுக்கும் தொண்டைக்குழியும் உள்ளே இழுபடுகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, பம்ப் இழுத்தும் ஆறவில்லை, அல்லது ஆறினாலும் நாலு மணித்தியாலத்துக்குள் திரும்ப வேண்டியிருக்கிறது. இதில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. இழுப்புச் சத்தம் திடீரென்று நின்று, ஆள் சோர்ந்துபோனால் சுகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். காற்றே போகாததால் சத்தமும் இல்லை. அதுதான் மிக மோசமான நிலை.

படுக்க வைக்காமல் நிமிர்த்தி இருத்துங்கள். ஆஸ்துமாக்காரருக்குச் சல்பியூட்டமோல் பம்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நாலு தொடக்கம் பத்துத் தடவை கொடுக்கலாம். ஆறாவிட்டால் இருபது நிமிடத்தில் திரும்பவும். அதற்கிடையில் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 ஜூலையிலிருந்து வட மாகாணத்திலும் ஓடுகிறது, கட்டணம் இல்லை. வண்டியில் ஒட்சிசன் இருக்கும், மோட்டார் சைக்கிளில் இராது. அவசரத்துக்கு ஓடுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. நல்ல நாளில் மருத்துவரிடம் கேட்டு, எந்த நிலையில் எந்த மருந்தை எத்தனை தடவை, எப்போது ஆஸ்பத்திரிக்கு என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டிவைப்பது. முற்றின நேரத்தில் வீட்டில் இருப்பது அம்மம்மாவாக இருக்கலாம். அவவுக்கும் வாசிக்கத் தெரிய வேண்டும்.

மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்க வேண்டியது பெரிய காரியமல்ல. நெபுலைசர் பிடிக்கிற ஒவ்வொருவரின் பெயரையும் கிளினிக்குக்கு அனுப்பும் ஓர் ஏற்பாடு, ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் ஒரு பீக் புளோ மீற்றர், காலபோக அறுவடைக்கு முந்திய மாதத்தில் வயல்வேலை செய்கிறவர்களுக்கு ஒரு மூச்சுப் பரிசோதனை முகாம். கமக்காரர் அமைப்புகள் நீர் விநியோகக் கூட்டத்தில் வைக்கோல் எரிப்பையும் ஒரு விடயமாக எடுத்துப் பேசலாம்.

வாசிக்கிற உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் பாவிக்கிற இன்ஹேலரையும் கொண்டுபோய், டொக்டருக்கோ தாதிக்கோ முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள். பிழை என்றால் அங்கேயே திருத்துவார்கள். அப்படியே “என்னை எப்ப ஊதிப் பாப்பீங்கள்?” என்றும் கேளுங்கள்.